காரணம் நீங்கிய பின்னும் தொடரும் நோய்: சிறுநீரக நோயருக்கு ஒரு திறந்த மடல்

நாள்பட்ட சிறுநீரக நோய் உண்டென்று சொல்லப்பட்டு, ஆனால் டயாலிசிஸ் என்னும் கட்டத்தை இன்னும் எட்டாமல், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கியதும் மற்றெல்லாவற்றையும் விட்டுக் கிரியாட்டினின் என்ற ஒரே வரியைத் தேடிப் படித்து, அந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தோடு மனமும் ஏறி இறங்க வாழ்ந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கும், அவர்களுக்காக உப்பைக் குறைத்துச் சமைத்து, மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் இல்லத்தாருக்கும் என் வணக்கம்.

உங்களிற் பெரும்பாலோர் உள்ளத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. "சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, பிரஷரும் சரியாகத்தான் இருக்கிறது, பத்தியமும் தவறவில்லை, அப்படியிருக்க கிரியாட்டினின் ஏன் இன்னும் ஏறுகிறது?" என்பதே அது. காரணம் அகன்றால் காரியமும் அகலவேண்டும் என்பது தர்க்க சாஸ்திரம் பயின்றவரும் பயிலாதவரும் ஒருங்கே ஒப்புக்கொண்ட நியமம் ஆகையால், அந்த நியமம் தம் சரீரத்தில் மட்டும் பொய்த்துப்போவதைக் காணும் ஒருவர், ஒன்று தாமே ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி மனம் குமைகிறார். அல்லது வைத்தியம் செய்பவரை ஐயுற்று மாத்திரைகளையே நிறுத்திவிடுகிறார். புறநோயாளர் பிரிவின் நெருக்கடியில், வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கையில், இந்தக் கேள்விக்கு ஆற அமர விடை சொல்ல எந்த மருத்துவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. உடலியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், அந்த விடையை எனக்குத் தெரிந்த அளவில் உங்கள்முன் விரித்துச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். விஷயம் சற்று நுட்பமானது. ஆனால் தம் உடலில் இரவும் பகலும் நடந்துகொண்டிருப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எல்லாரையும்விட உங்களுக்கே அதிகம் உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம்.

உறுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்றும், அதைத் தொடர்ந்து நீண்டு வளைந்து செல்லும் சிறுகுழல் ஒன்றும் உள்ளன. ஒரு நாளில் அம்முடிச்சுகளின் வழியே வடிந்து வரும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் போக, மற்ற அனைத்தையும் சிறுகுழல்கள் மீட்டு இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. பிறந்த பின் மனிதனுக்குப் புதிய நெஃப்ரான் உண்டாவதில்லை. ஆகவே சர்க்கரை நோயினாலோ, உயர் இரத்த அழுத்தத்தினாலோ, வேறு அழற்சியினாலோ ஒரு பகுதி அழிந்துபோனால், அழிந்தவற்றின் வேலையையும் எஞ்சியவையே சேர்த்துச் செய்கின்றன. அதன் பொருட்டு அவற்றின் முடிச்சுகளுக்குள் அழுத்தம் உயர்கிறது. இந்த மிகையுழைப்பே எஞ்சிய நெஃப்ரான்களையும் காலப்போக்கில் நாசம் செய்கிறது என்ற கொள்கையை அமெரிக்க மருத்துவர் பாரி பிரென்னரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1982-இல் வெளியிட்டார்கள். உங்கள் கேள்விக்கு விடையின் ஒரு பாதி அதில் இருக்கிறது. அழுத்தம் என்ற பௌதிக நிகழ்ச்சி எவ்விதம் தழும்பு என்ற உயிர் நிகழ்ச்சியாக மாறுகிறது என்பதில் மறுபாதி இருக்கிறது; அதை அறிய உயிரணுவின் மேற்பரப்புக்கே செல்லவேண்டும்.

உயிரணு ஒவ்வொன்றின் மேற்படலத்திலும், சில சமயம் அதன் உட்புறத்திலும், வெளியிலிருந்து வரும் செய்திகளை உணர்ந்துகொள்வதற்கென்றே அமைந்த புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். இரத்தத்தில் சஞ்சரிக்கும் ஹார்மோன் ஒன்று தனக்குரிய ஏற்பியில் வந்து பொருந்தும்போது, அந்த ஏற்பி வடிவம் மாறி, உயிரணுவின் உள்ளே ஒரு வினைத் தொடரைத் தொடங்கிவைக்கிறது. பூட்டும் சாவியும் போல ஓர் ஏற்பிக்கு ஒரு தூதுப்பொருள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்தோம். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே பாடம் சொன்னேன். தொடக்கப் பாடத்துக்கு அந்த உவமை போதும். நாள்பட்ட நோயை விளங்கிக்கொள்வதற்கு அது சிறிதும் போதாது. ஏனெனில் இங்கே ஒரு பூட்டைத் திறந்தால் அடுத்த அறையின் பூட்டும் திறந்துகொள்கிறது. சில வேளைகளில் சாவியே இல்லாமலும் திறந்துகொள்கிறது. திறந்தவை மீண்டும் மூடுவதற்கு இருந்த ஏற்பாடும் கெட்டுப்போகிறது. ஏற்பிகள் தனித்தனியே இயங்குபவை அல்ல, அவற்றிடையே இடையறாத பரஸ்பர சம்பாஷணை ஒன்று நடைபெறுகிறது என்பதே கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் பெரும்பேறு.

அந்தச் சம்பாஷணையில் முதற் குரல் ஆஞ்சியோடென்சினுடையது. 1898-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தில் ராபர்ட் டிகெர்ஸ்டெட் என்பவரும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்த அழுத்தம் உயர்வதைக் கண்டு, அந்தச் சாற்றில் உள்ள பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். ரெனினின் வினையால் இறுதியில் உண்டாவது ஆஞ்சியோடென்சின்-2. அது தன்னுடைய ஏ.டி.1 என்னும் ஏற்பியில் பொருந்தியதும், நெஃப்ரானின் முடிச்சை விட்டு வெளியேறும் குழாய், உள்ளே வரும் குழாயைக் காட்டிலும் மிகுதியாகச் சுருங்குகிறது. உடலில் நீர் வற்றிய காலத்திலும், இரத்தம் பெருமளவில் வெளியேறிய காலத்திலும், வடிகட்டும் வேலை நின்றுவிடாமல் காப்பது இந்தச் சுருக்கமே. அந்த வகையில் ஆஞ்சியோடென்சின் நமக்கு உயிர்காக்கும் துணை. விபரீதம் எங்கே நேர்கிறதென்றால், சில மணி நேரத்துக்கென்று அமைந்த அந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் ஓயாமல் நடக்கும்போதுதான். சேதமுற்ற சிறுநீரகம் தன் திசுவுக்குள்ளேயே ஆஞ்சியோடென்சினை உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே கையில் பட்டையைக் கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதுகூட, உறுப்பின் உள்ளே அந்த ஏற்பி ஓய்வின்றித் தூண்டப்படலாம். "பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது, பிரஷர் மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி அந்த அடுத்த அறையின் பூட்டு. ஸ்டான்லி கோஹென் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண்கள் இயல்பான நாளுக்கு முன்பே திறந்துகொண்டதையும், பற்கள் முன்னதாகவே முளைத்ததையும் கண்டார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பின்னர் பெயர்பெற்ற அந்தப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காரணிக்குரிய ஏற்பி சிறுநீரகச் சிறுகுழலின் உயிரணுக்களில் ஏராளமாக உண்டு. அதை இங்கே வளர்ச்சி ஏற்பி என்று சுருக்கமாக அழைப்போம். காயம்பட்ட சிறுகுழல் மீண்டும் தழைப்பதற்கு உதவுவது அதன் இயல்பான கடமை. இரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினுக்கும் தோலையும் குழலையும் வளர்க்கும் இந்த ஏற்பிக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்க நியாயமில்லை என்றே நெடுங்காலம் எல்லாரும் கருதியிருந்தார்கள்.

1996-இல் ஜெர்மனியில், ம்யூனிக் நகரையடுத்த மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில், ஆக்ஸெல் உல்ரிச்சின் ஆய்வுக்கூடத்தார் எதிர்பாராத ஒன்றை நிரூபித்தார்கள். ஆஞ்சியோடென்சினின் ஏற்பி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்து ஏற்பிகளைத் தூண்டினால், வளர்ச்சிக் காரணியைச் சேர்க்காதபோதிலும், வளர்ச்சி ஏற்பியும் விழித்துக்கொள்கிறது என்பதே அது. எவ்விதம் விழிக்கிறது என்பதை அவர்களே சில ஆண்டுகளில் தெளிவுபடுத்தினார்கள்: முதல் ஏற்பியின் தூண்டுதலால் படலத்தின்மேல் உள்ள ஒரு நொதி செயல்படத் தொடங்குகிறது, அந்த நொதி, படலத்தோடு பிணைந்து வாளாவிருந்த வளர்ச்சிப் பொருளை அறுத்து விடுவிக்கிறது, விடுபட்ட பொருள் அதே உயிரணுவிலோ அண்டையில் உள்ளதிலோ இருக்கும் வளர்ச்சி ஏற்பியைச் சென்றடைகிறது. செய்தி உயிரணுவுக்குள் போய், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போகிறது.

இந்த அறிவைச் சிறுநீரக நோயோடு பொருத்திக் காட்டியவர்கள் பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையைச் சார்ந்த ஃபபியோலா டெர்ஸியின் குழுவினர். 2005-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வை, இத்துறையில் நான் படித்தவற்றுள் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக மதிக்கிறேன். சுண்டெலிகளுக்கு இரண்டு மாதம் ஆஞ்சியோடென்சினை இடைவிடாது செலுத்தினார்கள். சாதாரண எலிகளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோயின் இலட்சணங்கள் யாவும் தோன்றின: முடிச்சுகள் கெட்டிப்பட்டன, சிறுகுழல்கள் க்ஷீணித்தன, இடைத்திசுவில் தழும்பு படர்ந்தது. ஆனால் சிறுகுழல்களில் வளர்ச்சி ஏற்பி செயல்படாதவாறு மரபணுவை மாற்றி வளர்த்த எலிகளுக்கு, அதே அளவு ஆஞ்சியோடென்சின் செலுத்தப்பட்டும், இந்தச் சேதம் பெரும்பாலும் நேரவில்லை. அம்மட்டோடு அவர்கள் நிற்கவில்லை. இடையில் அறுபடும் வளர்ச்சிப் பொருளாகிய டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா இல்லாமல் பிறந்த எலிகளிலும், அறுக்கும் நொதியாகிய டேஸ் என்பதை மருந்தால் தடுத்த எலிகளிலும் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, எந்தக் கண்ணியை நீக்கினாலும் கேடு தணிகிறது என்று காட்டிய சோதனை இது. ஆஞ்சியோடென்சின் சிறுநீரகத்துக்கு இழைக்கும் தீங்கின் பெரும்பகுதி அதன் சொந்த ஏற்பியோடு முடிந்துவிடுவதன்று. வேறோர் ஏற்பியை எழுப்பி, அதன் மூலமாக இழைக்கும் தீங்கு அது.

உங்கள் கேள்விக்கு விடை இப்போது தெரியத் தொடங்குகிறது அன்றோ? நோயைத் தொடங்கிவைத்தது சர்க்கரையாக இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட அளவு நெஃப்ரான்கள் அழிந்த பின், எஞ்சியவற்றின் மிகையழுத்தம் ஆஞ்சியோடென்சினை மிகுவிக்கிறது. அது வளர்ச்சி ஏற்பியை எழுப்புகிறது. அந்த ஏற்பி ஓயாமல் தூண்டப்படுவதால் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. தழும்பினால் மேலும் சில நெஃப்ரான்கள் அழிகின்றன. ஆகவே எஞ்சியவற்றின் அழுத்தம் இன்னும் கூடுகிறது. இப்படித் தன்னைத் தானே போஷித்துக்கொள்ளும் ஒரு சுழல் அமைந்துவிட்ட பிறகு, அதைத் தொடங்கிய காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கவல்லது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது வீண் என்று இதற்குப் பொருள் கொண்டுவிடாதீர்கள். அது சுழலின் வேகத்தைத் தணிக்கிறது, கண்ணையும் இருதயத்தையும் காக்கிறது. சுழலை நிறுத்த அது ஒன்றே போதாது என்றுதான் சொல்ல வருகிறேன். உங்கள் குற்றத்தால் கிரியாட்டினின் ஏறவில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

சாவியில்லாமல் திறக்கும் பூட்டு என்று முன்னே சொன்னேன். ஆஞ்சியோடென்சினின் ஏவலால் அட்ரினல் சுரப்பியிலிருந்து அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் வெளிப்படுகிறது. உப்பை உடலில் தங்கச்செய்வது அதன் தொழில். அதற்குரிய ஏற்பி உயிரணுவின் உட்புறத்தில் இருக்கிறது. 2008-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தொஷிரோ ஃபுஜிதாவின் குழுவினர், ராக்-1 என்ற சிறு புரதம் மிகையாகச் செயல்படும் எலிகளில், அல்டோஸ்டிரோன் மிகுந்திராதபோதும் அதன் ஏற்பி மும்முரமாக இயங்குவதையும், அதனால் சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் காட்டினார்கள். அந்த ராக்-1 எதனால் தூண்டப்படுகிறது என்று பின்னும் ஆராய்ந்தபோது, உப்பினால் அழுத்தம் ஏறும் இயல்புடைய எலிகளில், உணவில் சேரும் உப்பே அதைத் தூண்டுவது புலனாயிற்று. சாதாரணமாக, உப்பு மிகுந்தால் அல்டோஸ்டிரோன் குறைந்து, ஏற்பியும் அடங்கி, மிகை உப்பு வெளியேறவேண்டும். நோயுற்ற சிறுநீரகத்திலோ ஹார்மோன் குறைந்தும் ஏற்பி அடங்குவதில்லை. உப்பைக் குறையுங்கள் என்று உங்களுக்கு ஓயாமல் சொல்லப்படுவது வெறும் வீக்கத்துக்காகவும் பிரஷருக்காகவும் மட்டும் அன்று என்பதை இதனால் உணரலாம்.

இன்னொரு சுழல் உண்டு. அது எலும்பிலிருந்து தொடங்குகிறது. உணவின் வழியே வரும் பாஸ்பரஸைச் சிறுநீரில் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்கு ஆணையிடும் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனை எலும்பின் உயிரணுக்கள் சுரக்கின்றன. இந்த ஹார்மோனுக்குரிய ஏற்பி தனியாக நின்று அதை இனங்காண இயலாது. குளோத்தோ என்னும் வேறொரு புரதம் பக்கத்தில் இணைந்து நின்றால்தான் இயலும். குளோத்தோவை 1997-இல் ஜப்பானில் மக்கோத்தோ குரோ-ஓ முதலியோர் கண்டறிந்தார்கள். அது இல்லாத எலிகள் இளம் வயதிலேயே முதுமையின் குறிகளைக் காட்டி விரைவில் மாண்டன. எஃப்.ஜி.எஃப்.-23க்கும் அதற்கும் உள்ள உறவு 2006-இல்தான் தெளிவாயிற்று. சிறுநீரக நோயின் ஆரம்பத்திலேயே குளோத்தோ குறைந்துவிடுகிறது. துணைப் புரதம் குறைந்தமையால் சிறுநீரகம் எலும்பின் ஆணையைச் சரிவரக் கேளாமற்போக, எலும்பு மேன்மேலும் உரத்துச் சொல்லத் தலைப்படுகிறது. எஃப்.ஜி.எஃப்.-23 பன்மடங்கு பெருகுகிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ் இன்னும் சாதாரண அளவில் இருக்கும்போதே அது பெருகிவிடுவதால், வழக்கமான பரிசோதனைச் சீட்டில் இதன் சுவடு தெரிவதில்லை. பெருகிய அந்த ஹார்மோன் இருதயத்தின் உயிரணுக்களில் உள்ள மற்றோர் ஏற்பியை, குளோத்தோவின் துணையே இல்லாமல், தூண்டி இருதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது என்று 2011-இலும் பின்னரும் வந்த ஆய்வுகள் காட்டின. சிறுநீரக நோயர் பலரின் உயிருக்கு இருதயத்தால் அபாயம் நேர்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அதே ஹார்மோன், செயலூக்கம் பெற்ற வைட்டமின்-டி உண்டாவதையும் தடுக்கிறது. வைட்டமின்-டிக்கு உரிய ஏற்பி எலும்புக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2002-இல் சிகாகோவில் நடந்த ஆராய்ச்சி, அந்த ஏற்பியின் வேலைகளுள் ஒன்று ரெனின் உண்டாவதை அடக்கிவைத்தல் என்று காட்டிற்று. அந்த ஏற்பி இல்லாத எலிகளில் ரெனினும் ஆஞ்சியோடென்சினும் வரம்பின்றிப் பெருகின. இப்போது இழைகளைச் சேர்த்துப் பாருங்கள். வைட்டமின்-டி குறைந்தால் அதன் ஏற்பி வாளாவிருக்கிறது. அது வாளாவிருந்தால் ரெனின் ஏறுகிறது. ரெனின் ஏறினால் ஆஞ்சியோடென்சின் ஏறுகிறது. ஆஞ்சியோடென்சினோ, விலங்குகளில் கண்டபடி, குளோத்தோவை மேலும் குறைக்கிறது. எலும்பின் சுழலும் இரத்தக் குழாயின் சுழலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுவிட்டன. நாள்பட்ட சிறுநீரக நோயை ஓர் உறுப்பின் நோய் என்று சொல்வது பொருந்தாது என்று நான் கருதுவது இதனாலேயே.

இவ்வளவும் கேட்ட பின், "அப்படியானால் இந்த ஏற்பிகள் அனைத்தையும் மருந்தால் அடைத்துவிட்டால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. அந்த வழியில் சென்று பார்த்தவர்கள் பெற்ற பாடம் கடுமையானது. ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் மருந்தையும், அதன் ஏற்பியை அடைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆன்டார்கெட் என்னும் பெரும் ஆய்வின் முடிவு 2008-இல் வந்தபோது, சிறுநீரில் புரதம் குறைந்தது உண்மையானாலும், சிறுநீரகத்தின் கதி தனி மருந்தைக் காட்டிலும் மோசமாகவே இருந்தது. வளர்ச்சி ஏற்பியையே நேராக அடைக்கும் மருந்துகள் புற்றுநோய்ச் சிகிச்சையில் நெடுநாளாக வழங்குகின்றன. அவற்றைப் பெறுவோரிற் பலருக்குச் சிறுநீரகத்தின் வழியே மக்னீசியம் ஒழுகிப்போகிறது, தோலிலும் தடிப்புகள் தோன்றுகின்றன. காயம் ஆற்றுவதும் மக்னீசியத்தைக் காப்பதும் அந்த ஏற்பியின் நற்பணிகள் அல்லவா? எண்டோதிலின் என்ற பொருளின் ஏற்பிகளை அடைக்கும் அவோசென்டன் என்ற மருந்தின் ஆய்வு, உடலில் நீர் தேங்கி இருதயத் தளர்ச்சி மிகுந்தமையால் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. பாராதைராய்டு சுரப்பியில் உள்ள கால்சியம் ஏற்பியின்மீது வினைபுரியும் சினாகால்செட், டயாலிசிஸ் செய்துகொள்வோர் 3,883 பேரிடம் சோதிக்கப்பட்டு 2012-இல் முடிவு வெளியானபோது, அச்சுரப்பியின் ஹார்மோன் அளவைக் குறைத்ததேயன்றி, ஆயுளையும் இருதயத்தையும் காத்தது என்று உறுதியாகச் சொல்ல இடந்தரவில்லை. தாளில் எழுதிய சுழல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தபோதிலும், மனித உடல் அதற்கு உடன்படுகிறதா என்பதை நோயர்களிடம் கவனமாகச் சோதித்தே அறியவேண்டும். எலியின் ஆய்வு ஒன்றைக் காட்டி உங்களிடம் பொடியோ லேகியமோ விற்க வருபவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்டவை எவை? ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் மருந்துகளின் மூலம் பிரேசில் தேசத்து ஜராராக்கா என்னும் விரியன் பாம்பின் விஷத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறது. அதிலிருந்து கிளைத்த காப்டோப்ரில், முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதுற்ற 409 பேரிடம் சோதிக்கப்பட்டு, கிரியாட்டினின் இரட்டிப்பாகும் அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததென 1993-இல் அறியப்பட்டது. 2001-இல், ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை அடைக்கும் லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் ஆகியவை இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அதே திசையில் பயன் தந்தன. உங்களிற் பலர் உண்ணும் டெல்மிசார்ட்டன் இந்தக் குடும்பத்தையே சேர்ந்தது. அல்டோஸ்டிரோன் ஏற்பியை அடைக்கும் ஃபினெரெனோன், முற்கூறிய மருந்தை ஏற்கெனவே உண்டுவந்த சர்க்கரை நோயரிடம், சிறுநீரகம் செயலிழக்கும் அல்லது பெரிதும் தளரும் அபாயத்தை மேலும் 18 சதவீதம் குறைத்ததென 2020-இல் தெரியவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த டாபாகிளிஃப்ளோசின் ஆய்வு, 4,304 பேரில், சர்க்கரை நோய் இல்லாதவர்க்கும் சேர்த்து, அத்தகைய அபாயத்தில் 39 சதவீதக் குறைவைக் காட்டியது. அது ஏற்பியை அடைக்கும் மருந்தன்று, சிறுகுழலில் சர்க்கரையையும் உப்பையும் மீட்கும் கடத்தியைத் தடுப்பது. ஆனால் அதன் விளைவாகச் சிறுகுழலில் உப்பு கூடுதலாகச் செல்ல, அடினோசின் என்னும் பொருள் வெளிப்பட்டு, தனக்குரிய ஏற்பியின் வழியே முடிச்சின் மிகையழுத்தத்தைத் தணிக்கிறது. 2024-இல் செமாகுளூடைட் இந்த வரிசையில் சேர்ந்தது. மாத்திரை ஒன்றுக்கு நான்காகப் பெருகியதைக் கண்டு நீங்கள் சலிப்படைவதில் நியாயம் உண்டு. ஒவ்வொன்றும் சம்பாஷணையின் வெவ்வேறு இடத்தில் குறுக்கிடுவதால் ஒன்றை ஒன்று ஈடுசெய்யாது. ஒரே இடத்தில் இரண்டைப் போட்டபோதுதான் முன்சொன்ன தீங்கு நேர்ந்தது.

இந்த மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்றே ஏறுவது உண்டு. முடிச்சின் உள்ளே இருந்த மிகையழுத்தம் தணிந்ததால் வடிகட்டும் வேகம் சிறிது குறைந்ததன் அடையாளம் அது. 30 சதவீதத்துக்கு உட்பட்ட ஏற்றத்தைக் கண்டு மருந்தை நிறுத்தவேண்டியதில்லை என்பதே இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. இதையறியாமல், "மாத்திரை போட்டதும் கிரியாட்டினின் ஏறிவிட்டது, இது கிட்னியைக் கெடுக்கிறது" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை நம்பி நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நினைக்கையில் என் மனம் வேதனைப்படுகிறது. நோய் மிக முற்றியவர்களிடம் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளை நிறுத்தினாலாவது நன்மை உண்டா என்று அறிய பிரிட்டனில் 411 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்தியவர்களின் சிறுநீரகம் தொடர்ந்து உண்டவர்களுடையதைவிட மேம்படவில்லை. ஆயினும் பொட்டாசியம் ஏறும் அபாயம் உண்மையானது. ஆகையால் தொடங்கிய சில வாரங்களுக்குள்ளும், மருந்தின் அளவை மாற்றும்போதெல்லாமும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். பொட்டாசியம் ஏறியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் இளநீரையும், கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதையும் மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாம். அந்த உப்பில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியமே. வாந்தி, பேதி கண்டு உடலில் நீர் வற்றியபோது மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டுமா என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். கருவுற்ற பெண்களும், கருவுற எண்ணியிருப்பவர்களும் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளை உண்ணலாகாது.

உப்பைப் பற்றி இன்னொன்று. நெதர்லாந்தில் 52 பேரிடம் செய்து 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்தோடு இன்னொரு மருந்தைச் சேர்த்ததைக் காட்டிலும், உணவில் உப்பைக் குறைத்தது சிறுநீரில் ஒழுகும் புரதத்தை அதிகமாகக் குறைத்தது. விலையுயர்ந்த இரண்டாவது மாத்திரை செய்யாததை அடுப்பங்கரை செய்கிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் எப்போதாவது ஒருமுறை என்று வைத்துக்கொள்ளும் இல்லத்தரசி, அல்டோஸ்டிரோனின் ஏற்பியோடு நேராகவே வாதாடுகிறாள்.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் வலிநிவாரணிகளைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடிக்க இயலவில்லை. தளர்ந்த சிறுநீரகத்தில், முடிச்சுக்குள் இரத்தம் வரும் குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளான்டின் என்ற பொருளும் அதன் ஏற்பிகளும். டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென் போன்றவை அந்தப் பொருளையே உண்டாகவொட்டாமல் செய்கின்றன. வெளியேறும் குழாயை ஒரு மருந்து தளர்த்த, உள்ளே வரும் குழாயை இன்னொரு மருந்து சுருக்க, சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஒன்றும் சேர்ந்து உடலின் நீரைக் குறைத்தால், வடிகட்டும் வேலை சில நாட்களிலேயே நின்றுபோகக்கூடும். ஆகவே எந்த வலிக்கும் மாத்திரை வாங்கும் முன் உங்கள் சிறுநீரக நோயைக் கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும்போது கிரியாட்டினினோடு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். மாத்திரைகள் தம் வேலையைச் செய்கின்றனவா என்பது பல சமயம் முதலில் தெரிவது அந்த எண்ணிலேதான்.

தங்கள் நலம் நாடும்,
உடலியல் ஆசிரியன் ஒருவன்